மறுவீட்டுக்கு ஒரு வீடு

தேனி பஜாரில் ஒரு வாழைக்காய் மண்டிக்கு மேலே என் அறை. ஒரே அறைதான். தெருவைப் பார்த்த ஜன்னலோரம் தையல் மிஷின், எதிர் மூலையில் காஸ் அடுப்பு, நடுவில் பகலெல்லாம் துணி வெட்டி இரவில் பாய் விரிக்கிற தரை. காய் பழுக்கிற வாசம் படியேறி வந்து நான் தைக்கிற ஜாக்கெட் எல்லாவற்றிலும் உட்கார்ந்துகொள்ளும். வாங்க வருகிறவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். "வாசம் இனாம்" என்பேன். கணவர் போன பிறகு அந்த அறையில் வைத்துத்தான் என் ஒரே மகளை வளர்த்தேன், படிக்க வைத்தேன், போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பத்தில் கட்டியும் கொடுத்தேன்.

பெண் பார்த்தது கோயிலில். நிச்சயமும் கல்யாணமும் மண்டபத்தில். அதனால் மாப்பிள்ளை வீட்டார் என் படியை மிதித்ததே இல்லை. தாலி கட்டி முடிந்து அப்பாடா என்று நான் பந்தியில் உட்கார்ந்தபோது, பக்கத்து இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மாள் கேட்டார். "மறுவீட்டுக்கு என்னைக்கு வரட்டும் சம்பந்தி?"

எனக்குப் பாயசம் இறங்கவில்லை. மறுவீடு என்றால் பெண் புருஷனோடு தாய் வீட்டுக்கு வர வேண்டும். தாய் தன் கையால் ஆக்கிப் போட வேண்டும். பிள்ளைகள் ஒரு ராத்திரியாவது அங்கே தங்க வேண்டும். என் அறையில் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் படுத்தால் நான் எங்கே படுப்பது? கீழே மண்டியில் வாழைத்தாரோடு தாராகவா?

ஜெயமங்கலத்தில் என் அண்ணன் வீடு இருக்கிறது, விசாலமான வீடு. அண்ணன் கூப்பிடவும் செய்தார். ஆனால் அங்கே வைத்தால் அது மாமன் வீட்டு விருந்துதானே தவிர மறுவீடு ஆகாது. நாளைக்கு ஒரு பேச்சு வந்தால், 'உனக்குத்தான் வந்து நிற்க ஒரு தாய் வீடே இல்லையே' என்று யாராவது என் மகளிடம் சொல்லிவிட்டால்? அந்த ஒரு வார்த்தை அவள் காதில் விழக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு ஒரு நாளைக்கு மட்டும் ஒரு வீடு வேண்டும்.

போனில் தேடினேன். ஃபேமிலி சூட், தனித்தனி பெட்ரூம், கிச்சன் வசதி என்று தட்டியதும் படம் படமாக வந்து விழுந்தது. வெள்ளை மெத்தை, அதன்மேல் அன்னம் மாதிரி மடித்து வைத்த துண்டு, ஜன்னல் நிறைய மலை. கொக்கி தைத்துக்கொண்டே பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் ஊசி கையில் அப்படியே நிற்கும், நான் அந்த வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பேன். ஒரு கதவைத் திறந்தால் ஓர் அறை, அதற்குள் இன்னொரு கதவு, அதற்குள் இன்னோர் அறை. தூக்கத்திலும் அந்த வீடுகள் வந்தன. எதிலும் யாரும் இல்லை. எல்லாவற்றிலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

நேரில் போய்ப் பார்க்கும்போதுதான் விழிப்பு வரும். தேனியில் ஒரு லாட்ஜில் கிச்சன் எங்கே என்று கேட்டேன். மேசைமேல் இருந்த மின்சாரக் கெண்டியைக் காட்டினார்கள். "இதுல நாட்டுக்கோழிக் கொழம்பு வைக்க முடியுமா?" என்றேன். வரவேற்பில் இருந்தவர் கெண்டியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, "மேனேஜரக் கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றார். பாவம், சீரியஸாகத்தான் சொன்னார்.

சின்னமனூரிலிருந்து பஸ் ஏறி, எலும்பெல்லாம் குலுங்க மேகமலைக்கும் போனேன். ஒரு பழைய எஸ்டேட் பங்களா. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கட்டிலில் படர்ந்தது. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தவள் எதற்கு வந்தேன் என்பதையே மறந்துவிட்டேன். யாரோ தோளைத் தொட்டு, "அடுப்படிக்குள்ள வெளியாள விடமாட்டோம்மா, எங்க சமையல்காரர்தான் சமைப்பாரு" என்றார்கள். வாடகையைக் கேட்டதும் மேகம் முழுக்க விலகிவிட்டது.

கூடலூரில் இன்னொன்று, ஜீப்கள் நிற்கிற இடத்துக்குப் பின்னால். உரிமையாளர் பாதி தமிழும் பாதி மலையாளமுமாக, "அடுக்களை நல்ல வலுது சேச்சி" என்றார். பெரிதுதான், சபரிமலைக்குப் போகிற கூட்டத்துக்கு அண்டா வைத்துச் சமைக்கிற அடுக்களை. படுக்கைதான் ரயில் பெட்டி மாதிரி மேலும் கீழுமாக. மாப்பிள்ளையை ஏணி வைத்து மேல் தட்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் கம்பத்துக்கு வெளியே, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் ஒரு மாடி. ஒரு ஹால், இரண்டு பெட்ரூம், காஸ் அடுப்போடு தனி சமையலறை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் சுற்றுலா வருகிற கூட்டம் இல்லை, என் மிஷினுக்குக் கட்டுப்படியாகிற வாடகைதான் சொன்னார்கள். ஜன்னலைத் திறந்தால் பந்தலின் மேல்புறம் பச்சைத் தரையாக மலையடிவாரம் வரைக்கும் போனது. இறங்கி நடந்துவிடலாம் போலிருந்தது. என் கனவில் கதவுக்குள் கதவாகத் திறந்துகொண்டு போனது இந்த வீடுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மகளுக்குப் போன் செய்தேன்.

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்றாள்.

"நீ வாயை மூடிட்டு வா" என்றேன். "உங்க அத்தைட்ட கம்பத்துக்கு வாங்கன்னு மட்டும் சொல்லு."

மறுவீட்டு அன்று விடிந்ததும் முதல் பஸ்ஸில் போய்விட்டேன். சாமி படம், அஞ்சறைப்பெட்டி, குக்கர், அரிசி, பருப்பு எல்லாம் இரண்டு கட்டைப்பையில். வெளியே சாரல். பூட்டிக்கிடந்த வீட்டில் குடியேறி முதன்முதலாக அடுப்புப் பற்றவைக்கும்போது பால்தான் காய்ச்ச வேண்டும், அதுவும் பொங்கி வழிய வேண்டும். இது எனக்கு யோசித்துச் செய்கிற காரியம் இல்லை, கை தானாகச் செய்கிறது. வாசலைத் துடைத்துக் கோலம் போட்டேன். நிலையில் மாவிலை கட்டினேன். அடுப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பாலை ஏற்றி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மலையிலிருந்து சாரல் பந்தல்மேல் நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பால் பொங்கி, வழிந்து, அடுப்பையும் மேடையையும் நனைத்துத் தரைக்கு வந்துவிட்டது. வீடு முழுக்கத் தீய்ந்த பால் வாசம்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண் ஓடிவந்தாள். "என்னக்கா இது! இங்கன ஒரு நா தங்க வாரவுக காப்பி போடுவாக, நூடுல்ஸ் போடுவாக. பால் காச்சுனது நீங்கதான்க்கா!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே துடைக்க உதவினாள்.

குழம்பு கொதித்து இறங்கும்போது கார் வந்தது. மகள் முதலில் இறங்கினாள், பின்னால் மாப்பிள்ளை, அப்புறம் சம்பந்தியம்மாள். ஆலம் சுற்றி உள்ளே அழைத்தேன். சம்பந்தியம்மாள் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டார். கோலத்தைப் பார்த்தார், மாவிலையைப் பார்த்தார், மூச்சை இழுத்து முகர்ந்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பால் காச்சுன வாசமில்ல அடிக்கி! புது வீடா சம்பந்தி? ஒரு வார்த்தை சொன்னீகளா? வெறுங்கையோட வந்து நிக்கேனே!"

நான் வாயைத் திறப்பதற்குள் மகன் பக்கம் திரும்பி, "ஏலே, காரை எடு. பஜாருக்குப் போயி நல்ல எவர்சில்வர் கொடமாப் பாத்து வாங்கு. பேர் வெட்டி வாங்கிட்டு வா" என்று விரட்டிவிட்டார். மாப்பிள்ளையும் கிளம்பிவிட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் அறை அறையாகப் போய், "ஜன்னல் நல்ல எடத்துல வச்சிருக்கீக", "காத்து பிச்சிக்கிட்டுல்ல வருது" என்று சொல்லச் சொல்ல, நானும் பின்னாலேயே நடந்தேன். நடக்க நடக்க அது என் வீடாகிக்கொண்டே வந்தது. மிஷினை இந்த ஜன்னலோரம் போடலாம். இந்தச் சுவரில் கணவர் படத்தை மாட்டலாம். இந்தச் சின்ன பெட்ரூமில், மகள் பிரசவத்துக்கு வரும்போது, தொட்டில் கட்டக் கொக்கிகூட இருக்கிறது. வெயில் இல்லாத அந்த முற்பகல் வெளிச்சத்தில் என் கால் தரையில் பாவவே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வீட்டிலும் நடந்தது கிடையாது.

மாப்பிள்ளை குடத்தோடு வந்தார். பளபளவென்று பெரிய குடம். கழுத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது: புதுமனை புகுவிழா அன்பளிப்பு, அதன் கீழே அவர்கள் பேர். சம்பந்தியம்மாள் அதைக் கழுவி, நிறையத் தண்ணீர் பிடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டு ஹாலின் நடுவில் நின்றார்.

"நெறகொடத்த எங்கன வைக்கட்டும் சம்பந்தி? நீங்களே எடத்தச் சொல்லுங்க."

எந்த இடத்தைச் சொல்வேன்? குடம் தளும்பி அவர் சேலை நனைந்துகொண்டிருந்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் மறைக்க முடியவில்லை.

"இங்கன வைக்காதீக சம்பந்தி" என்றேன். "நாளைக்குச் சாவி குடுக்கணும். இது ஓட்டல் மாதிரிதான், ஒரு நாள் வாடகை. என் வீடு தேனியில மண்டிக்கு மேல ஒரே ரூம்."

சம்பந்தியம்மாளின் முகம் இறுகியது. கோபம்தான், எனக்குத் தெரிந்தது.

"அப்ப பால் எதுக்குக் காச்சுனீக?"

"பிள்ளைக சாப்புடப் போற அடுப்பு. சும்மா எப்படிப் பத்தவைக்கிறது?"

அவர் குடத்தை இறக்காமலே போய்த் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார். காலிக் குடத்தைக் காரில் வைக்கச் சொன்னார். என் உயிர் அந்தக் குடத்தோடு படியிறங்கியது. இலை போட்டேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். குழம்பை அவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார், அதையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே.

கை கழுவி வந்து வெற்றிலை போட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். "ஏத்தா" என்றார் என் மகளிடம், "மறுவீடு தாய் வீட்லதானே? கெளம்பு, தேனிக்குப் போவோம். பேர் வெட்டுன கொடம், கடைக்காரன் திரும்ப எடுக்கமாட்டான். அத அங்கன கொண்டுபோயி வச்சாத்தான் எனக்கு மனசு ஆறும்."

மண்டிக்கு மேலே படி குறுகல். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற வேண்டும். என் அறையில் நான்கு பேர் நின்றதும் கதவைச் சாத்த இடமில்லாமல் போயிற்று. சம்பந்தியம்மாள் சுற்றிலும் பார்த்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த துணி மூட்டையைத் தள்ளிவிட்டு, குடத்தில் தண்ணீர் நிறைத்து அங்கே வைத்தாள். சிறுபிள்ளையில் அவள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய இடம் அது. வைத்துவிட்டு, தன் புருஷனிடம், "இதுதான் எங்க வீடு" என்றாள். குரலில் ஒரு கூச்சமும் இல்லை. மாப்பிள்ளை மூச்சை இழுத்து, "பழ வாசம் நல்லாருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பிள்ளைக இங்கன தங்கட்டும்" என்றார் சம்பந்தியம்மாள். "வாங்க சம்பந்தி, நாம போவோம்."

"எங்க?"

"கம்பத்துக்குத்தான். வாடகை கட்டியாச்சுல்ல, சும்மா கெடக்கவா?"

பஸ்ஸில் போனோம். வலதுபக்கம் மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இடதுபக்கம் மேகமலை பாதிக்கு மேல் காணோம். ஜன்னல் காற்றில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். உத்தமபாளையம் வயல்களைத் தாண்டும்போது, எந்த வீட்டுக்குப் போகிறோம், இந்த அம்மாள் யார் என்பதெல்லாம் எனக்கும் கலங்கி, இருவரும் எங்கேயோ ஒன்றாகக் கட்டிக்கொடுக்கப்பட்டுப் போகிற மாதிரி இருந்தது.

மிச்சப் பாலைக் காய்ச்சி ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம். பெரிய பெட்ரூமை அவருக்குக் காட்டினேன். உள்ளே போனவர் கட்டிலில் உட்காராமல் மெத்தையைக் கையால் தடவிக்கொண்டே நின்றார்.

"எனக்குன்னு தனி ரூம் எந்த வீட்லயும் இருந்ததில்ல சம்பந்தி" என்றார். "கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து மாமியாரோட படுத்தேன், பெறகு பிள்ளையோட. இப்ப ரூம அதுகளுக்குக் குடுத்துட்டு ஏலக்கா மூட்டைக்குப் பக்கத்துல பாயப் போட்டுக்கிறேன்."

விளக்கு சுவிட்சைக் காட்டிவிட்டு என் அறைக்கு வந்தேன். அவர் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது திரும்பத் திறந்தது.

"சம்பந்தி, தூங்கிட்டீகளா?"

"இல்ல."

"கதவு தெறந்தே கெடக்கட்டும். நீங்களும் சாத்தாதீக."

எழுந்து என் கதவையும் அகலத் திறந்துவைத்தேன்.