பெஸ்யா உட்காரவில்லை

பெஸ்யாவுக்குப் பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியிருந்தது. இடது கால் சற்றுக் குட்டை. சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் நின்றால் வலி இடுப்பில் கிளம்பி முழங்கால்வரை இறங்கும். அவளுக்குத்தான் நின்றுகொண்டே மருத்துவம் படிக்கும் காலம் வந்தது.

போலந்தில் யூதப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைப்பதே அப்போது குதிரைக் கொம்பு. அதையும் வாங்கி நான்கு வருஷம் ஓட்டிவிட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், யூதர்கள் இனி இடப்பக்கத்து பெஞ்சுகளில்தான் உட்கார வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். மாணவர் அட்டையிலேயே முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள்.

யூத மாணவர் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், பார்லிக் கஞ்சி ஆறிப்போகும்வரை விவாதம் நடந்தது. அந்த பெஞ்சில் உட்காருவதில்லை, வகுப்பு முடியும்வரை பின்சுவரோரம் நிற்பது என்று முடிவாயிற்று. வெளியே வரும்போது நூகிம் அவளை ஓரமாக அழைத்தான். அவள் வகுப்புத்தான், தோல் பதனிடுபவரின் மகன், எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பான். அன்றைக்கு மட்டும் கேலி இல்லை.

"நீ உக்காந்துக்க பெஸ்யா. உன்னை யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

"நான் நின்னா அவங்க பண்றது தப்பு. நான் உக்காந்துட்டா என் கால்தான் தப்புன்னு ஆயிடும். அது எனக்கு வேணாம்."

"சரி மகாராணி, நில்லு. விழுந்தா என் மேல விழாத. இருக்கறது இந்த ஒரு கோட்டுதான்."

நின்றார்கள். நூகிமின் முதுகில் நோட்டை வைத்துத்தான் அவள் குறிப்பெடுத்தாள். முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்து, நொண்டிக் குதிரைக்கு லாடம் அடித்தாயிற்றா என்று கேட்பார்கள். பேராசிரியர் காதில் விழாதவர்போல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

குளிர் தொடங்கியபோது அடி விழுந்தது. அறுவை சிகிச்சை வகுப்பு முடிந்து படியிறங்கும்போது, நுனியில் பிளேடு செருகிய தடிகளோடு ஒரு கூட்டம் காத்திருந்தது. நூகிமின் வலக்கண் போயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட முகத்தோடு அவன்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னான்.

"ஒத்தைக் கண்ணை வெச்சு ஆபரேஷன் பண்ண முடியாது பெஸ்யா. பாதி நோயாளிதான் தெரிவான்."

அவள் சிரிக்கவில்லை. கட்டு அவிழ்த்ததும் அவன் அப்பாவின் பட்டறைக்கே திரும்பிப் போனான்.

அதன்பிறகு சுவரோரம் ஆள் குறைந்தது. சிலர் பாலஸ்தீனத்துக்குக் கப்பலேறினார்கள். சிலர் படிப்பு போய்விடுமே என்று இடப்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர்கள் விடுதியில் யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருநாள் வகுப்பு நடுவில் பெஸ்யா கால் மடங்கிக் கீழே விழுந்தாள். கூடம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து பேராசிரியர் பாடத்தைத் தொடர்ந்தார்.

பருவ முடிவில் வருகைக் கையெழுத்துக்கு அவர் முன்னால் போய் நின்றாள்.

"உங்களுக்குன்னு ஒதுக்கின இடத்துல நான் உங்களைப் பாத்ததே இல்லையே" என்றார்.

"சுவத்துப் பக்கம் நீங்க திரும்பினதே இல்லையே ஐயா."

அட்டையை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கையெழுத்து இல்லாமல் ஒரு வருஷப் படிப்பு வீணாயிற்று.

அறைக்கு வந்து பெட்டியைக் கட்டினாள். ஊருக்குப் போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. இங்கே இருந்து என்ன செய்வது என்றும் தெரியவில்லை. அழுகைகூட வரவில்லை. அவளோடு அறையில் இருந்த ரைஸ்லா விடுதிச் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் சட்ட மாணவி. அவள் தடுக்கவில்லை.

"போறதுன்னா போ. ஆனா நாளைக்கு உருளைக்கிழங்கு உன் முறை. உரிச்சு வெச்சுட்டுப் போ."

மறுநாள் உரித்துக்கொண்டிருக்கும்போது கீழ் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். இனி அவள் படிக்க வேண்டியிருந்தது அவர்களோடுதான். கேட்காமலே கத்தியை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்கள். பிறகு அவர்களில் சின்னவள் ஃப்ரூமா, தலையைத் தூக்காமலே பேசினாள்.

"நீங்க நடுவுல நில்லுங்க அக்கா. ரெண்டு பக்கமும் நாங்க நெருக்கி நிக்கறோம். விழறதுக்கு இடமே இருக்காது."

அப்படியே நின்றார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அவள் சாய்ந்திருப்பது தெரியாது. வலி குறைந்துவிடவில்லை; சாயங்காலம் விடுதிப் படியில் அவளைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. அந்த வருஷம் பாடம் எடுத்தவர் வேறொருவர். யார் எங்கே நின்றார்கள் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

முப்பத்தொன்பது கோடையில் பெஸ்யா டாக்டரானாள். யூத ஆஸ்பத்திரியில் சில வாரங்கள்தான் வேலை பார்த்திருப்பாள், போர் வந்துவிட்டது. காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு, ஜெர்மானியர் கைக்கு எட்டாமல் கிழக்கே சோவியத் பக்கம் போன ரயிலில் அவளையும் ஏற்றினார்கள். அதனால் உயிர் தப்பினாள்.

போர் முடிந்து திரும்பி வந்து, வூட்ஜ் நகரத்து யூதக் கமிட்டி அலுவலகத்தில் ஆட்களைத் தேடினாள். நூகிமின் ஊரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அவளைத் தாங்கி நின்ற பெண்களைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. தாழ்வாரத்தில், தலைமுடி நரைத்த ஒருத்தி அவள் நடையை வைத்து அடையாளம் கண்டு கூப்பிட்டாள். ரைஸ்லா.

ஃப்ரூமா எங்கே என்று பெஸ்யா கேட்டாள். ரைஸ்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பெஸ்யா அடுத்த பெயரைக் கேட்கவில்லை.