வெள்ளை நூல் கட்டிய ஸ்பீக்கர்

காயில்காரருக்குப் பொறாமை வந்தால் காது சிவக்கும். அந்தக் காதில் ஈயத்தை ஒட்டினால் உருகிவிடும், பற்றவைக்க மின்சாரமே வேண்டாம் என்பாள் அவர் மனைவி. அப்படிச் சிவக்க வைக்க ஒரே ஆளால்தான் முடியும்: அவளுடைய தங்கை புருஷன். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. குளிக்கும்போதுகூட டையைக் கழற்றுவதில்லை என்று கேள்வி. அதனால் குடும்பத்தில் அவருக்குப் பெயரே 'டை'.

காயில்காரர் எரிந்துபோன மோட்டார்களுக்கு மறுபடி கம்பி சுற்றுபவர். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. ஆயிரம் சுற்றுக்கு நடுவில் நாலு தும்மல் போட்டாலும் எண்ணிக்கை தவறாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமனார் பழைய கேசட்டுகளை பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்கு வருவார். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டரில் பாட்டுக் கேட்பார். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், பாராட்டையும் அளந்துதான் விடுவார். பாட்டு முடிந்ததும், "பரவாயில்ல, மாப்பிள்ளை" என்பார். அந்த ஒரு சொல்லைத் தின்றே காயில்காரர் ஒரு வாரம் உயிர் வாழ்வார்.

டை கடைக்குப் போய் ஒரு ஸ்டீரியோ வாங்கி வந்தார். இரண்டு ஸ்பீக்கர், நடுவில் நீல விளக்கு. அந்த ஞாயிறு முதல் பிஸ்கட் டப்பா டை வீட்டுக்குப் போயிற்று. பிரம்பு நாற்காலியில் பூனை படுத்தது.

"அவன் வாங்கினான். நான் செஞ்சே காட்டறேன்" என்று காயில்காரர் சாப்பாட்டு மேஜையைக் கைப்பற்றினார். இரண்டு மாதம் குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. ஆம்ப்ளிஃபயருக்கு டிரான்ஸ்ஃபார்மரைத் தன் கையாலேயே சுற்றினார். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், மூன்றாவது ஆள் வழிவிட வேண்டும். இரண்டு ஸ்பீக்கர் பெட்டிக்கும் நல்ல மரம் தேடினார், வீட்டுக்குள்ளேயே கிடைத்தது.

"அலமாரிக் கதவு எங்க?" என்றாள் மனைவி.

"பெட்டி ஆயிடுச்சு. துணிக்கும் காத்து வேணாமா?"

"என் தங்கச்சி புருஷன் ஒரு கதவக்கூட உடைக்காம பாட்டுக் கேக்கறார்."

காது சிவந்தது.

ஸ்பீக்கருக்குப் போகும் கம்பிகள் பட்டறையில் மிஞ்சியவை. எல்லாம் ஒரே நிறம். சிவப்பு எது, கறுப்பு எது என்ற பேச்சே அவர் தொழிலில் இல்லை. எந்தக் காயிலானாலும் ஆரம்ப முனையில் ஒரு வெள்ளை நூல் கட்டுவார். நூல் இருந்தால் பிளஸ், இல்லாவிட்டால் மைனஸ். தன் கண்ணைவிட அந்த நூலை நம்புவார்.

எல்லாம் பூட்டி, பாட்டைப் போட்டார். தொண்டையில் மீன்முள் சிக்கியவர் போலப் பாடினார் பாடகர். தாளமோ பக்கத்துத் தெருவில் யாரோ கதவைத் தட்டுவது போலக் கேட்டது. போர்டைப் பிரித்தார், டிரான்சிஸ்டர் மாற்றினார், கெபாசிட்டர் மாற்றினார். பாட்டு தேறவில்லை. டையின் பெட்டியில் மட்டும் அப்படி என்னதான் இருக்கிறது?

அடுத்த ஞாயிறு, "சும்மா பாக்க வந்தேன்" என்று டை வீட்டில் போய் நின்றார். மாமனார் சோபாவில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்திருந்தார். லேசாகக் குறட்டை போலக் கேட்டது. டை டீ போட உள்ளே போனார்.

காயில்காரர் ஸ்பீக்கருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சிவப்புக் கம்பி சிவப்பில், கறுப்பு கறுப்பில், சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. அந்த ஒழுங்கைப் பார்த்ததும் அவர் காது சிவந்தது. சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் தானாகவே கைக்கு வந்தது. ஒரே ஒரு ஸ்பீக்கரில் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி முறுக்கிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

டை டீயோடு வந்து பாட்டைப் போட்டார்.

"என்ன இது, பாட்டு இளைச்சுப் போச்சு?" என்றார் மாமனார்.

காயில்காரர் மனசுக்குள் மேளம் கொட்டியது. இரண்டே நொடி. அப்புறம் காதைத் தீட்டினார். மீன்முள் தொண்டை. பக்கத்துத் தெருக் கதவு. இது அவருடைய பெட்டி போட்ட அதே சத்தம்! அப்படியானால் அங்கேயும் ஒரு ஸ்பீக்கரில் கம்பி மாறியிருக்கிறது.

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். ஒரு காலில் அவர் செருப்பு, மறு காலில் டையின் செருப்பு.

வீட்டில் கம்பி முனைகளைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். ஒரு நூலில் அவர் போடும் முடிச்சு. இன்னொன்றில் சின்னதாக, அழகாக, இரட்டை முடிச்சு.

"இத யாரு கட்டினா?"

தையல் மெஷினிலிருந்து மனைவி தலைதூக்கினாள். தொங்கும் நூலைக் கண்டால் கத்தரிக்காமல் இருக்க அவளால் முடியாது. இருபது வருஷத் தையல்காரி. "நூல் அசிங்கமா தொங்கிச்சு, வெட்டினேன். அப்புறம் உங்களுக்கு வேணுமேன்னு நானே கட்டி வச்சேன். நல்லா இல்ல?"

"முடிச்சு நல்லாத்தான் இருக்கு. கம்பிதான் வேற கம்பி!"

மாற்றிப் பூட்டினார். முதல் தாளத்திலேயே பூனை நாற்காலியிலிருந்து எகிறி, கதவில்லாத அலமாரியில் போய் விழுந்தது.

அடுத்த ஞாயிறு பிஸ்கட் டப்பா வந்தது. பின்னாலேயே டையும், கையில் ஒற்றைச் செருப்போடு.

"அண்ணே, உங்க செருப்பு. அன்னிலேருந்து என் செட்டு சரியாவே பாடல. நீங்க வந்து பாத்தாத்தான் தேறும்."

"பெரிய கோளாறா இருக்கும்" என்றார் காயில்காரர், முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு.

மாமனார் பூனையை நகர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பாட்டு முழுக்க அசையாமல் கேட்டார். "நல்லா இருக்கு" என்றார்.

பரவாயில்ல இல்லை. நல்லா இருக்கு! காயில்காரர் அரை அடி உயர்ந்தார்.

"மாப்பிள்ளை," என்றார் மாமனார், அடுத்த கேசட்டைத் தேடிக்கொண்டே, "இனிமே அவர் வீட்டுக்குப் போனா ஸ்க்ரூடிரைவர இங்கயே வச்சிட்டுப் போங்க. பேப்பருக்குப் பின்னால நான் தூங்கல."

டைக்கு ஒன்றும் புரியவில்லை. காயில்காரரின் காது சிவந்தது. இந்த முறை பொறாமையால் அல்ல. அன்று சாயங்காலமே போய் கம்பியை மாற்றிக் கொடுத்தார். கூடவே வந்த மாமனார் டையின் செட்டில் ஒரு பாட்டுக் கேட்டுவிட்டு, "இதுவும் நல்லா இருக்கு" என்றார்.

இதுவுமா? வீடு திரும்பும் வழியெல்லாம் காயில்காரர் அந்த 'உம்'மை மென்றுகொண்டே நடந்தார். தெருமுனையில் தாங்கவில்லை.

"மாமா, அடுத்த வாரம் எங்க உக்காருவீங்க?"

"பூனை இடம் குடுத்தா, உங்க வீட்லதான்."

அன்று இரவே காயில்காரர் மனைவியிடம் பூனைக்குத் தனியாக ஒரு மெத்தை தைக்கச் சொன்னார்.