மாமா என்று எழுதிய போர்டு

ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக்குக்கு மாமனார் வீட்டில் இருந்த மரியாதையெல்லாம் ஒரு டெஸ்டரில்தான் இருந்தது. ஃபேன் சத்தம் போட்டாலும் மிக்ஸி மக்கர் பண்ணினாலும் பெரிய மாப்பிள்ளையைக் கூப்பிடு என்பார்கள். மற்றபடி படிப்பு, சம்பளம், பேச்சு எதிலும் அவரைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அது அவருக்கும் தெரியும். அதனால் அந்த ஒரு பெயரை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அதில்தான் கை வைத்தான் சகலை. மனைவியின் தங்கை புருஷன், பேங்க் கிளார்க். நாலு வீடியோ பார்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற கருவி செய்யப் போகிறேன், அதற்கான சர்க்யூட் போர்டையும் வீட்டிலேயே போடப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான். தொட்டி வழிகிறது என்று மாமனார் புலம்பியது என்னவோ இரண்டு பேரிடமும்தான். பெரிய மாப்பிள்ளை பார்க்கலாம் என்று ஆறப்போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜை முழுக்கச் சகலையின் கடைதான். செம்புத் தகடு ஒட்டிய அட்டையைப் பாத்திரம் தேய்க்கிற நாரால் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தான். சர்க்யூட் கோடுகளை வழவழத் தாளில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான். தாளைச் செம்பின்மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு மருந்துத் தண்ணீரில் போட்டால் மை படாத செம்பெல்லாம் கரைந்து கோடு மட்டும் நிற்கும். மாமியார் தன் இஸ்திரிப் பெட்டியைத் தானே துடைத்து எடுத்துக் கொடுத்தார். பெரியவர் கேட்டால் அந்த வீட்டில் ஒரு ஸ்பூன்கூடத் தேடினால்தான் கிடைக்கும். அவருக்கு வயிறு எரிந்தது.

"அண்ணா, நீங்க ஒரு தடவ பாத்துட்டா எனக்கு தைரியம்," என்று சகலை தாளை நீட்டினான்.

மூலையில் 'மாமா' என்று எழுதியிருந்தான். காக்கா பிடிப்பதைக்கூட அச்சடித்தா செய்வான் ஒரு மனுஷன்! அப்போதுதான் பெரியவர் கவனித்தார், எழுத்து நேராக இருந்தது. ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி, தாளில் இடவலம் மாறி இருந்தால்தான் செம்பில் நேராக விழும். எழுத்து மாறினால் சர்க்யூட்டும் மாறும், ஐ.சி. சிப்பின் கால்களெல்லாம் தப்பான இடத்தில் போய் நிற்கும். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"பிரமாதமா இருக்கு. போடு," என்றார்.

போர்டைக் கழுவி எடுத்தபோது கோடுகள் சுத்தமாக வந்திருந்தன. மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலையில் இருந்ததைப் படிக்கப் பார்த்தார், முடியவில்லை. மாமியார் சிரித்துவிட்டார். சகலைக்கு முகம் தொங்கிப்போனது. பெரியவருக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

"நீங்க பாத்தீங்களே மாப்பிள்ளை?" என்று மாமனார் அவர் பக்கம் திரும்பினார்.

சகலை பெரியவரை ஒரு பார்வை பார்த்தான். புரிந்துகொண்டுவிட்டான்.

"அண்ணா அப்பவே சொன்னாரு மாமா. நான்தான் அவசரத்துல காதுல வாங்கல."

தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்று மாமனார் சின்ன மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார்.

பெரியவர் உட்கார்ந்து, அட்டையின் மறுபக்கம் வைக்கவேண்டிய ஐ.சி.யைச் செம்புப் பக்கமே வைத்துப் பற்றவைத்தார். மாறி விழுந்த போர்டுக்கு அதுதான் வழி. சாயங்காலம் தொட்டி நிரம்பியதும் கருவி வீடே அதிரக் கத்தியது. எல்லோரும் மொட்டைமாடிக்கு ஓடிச் சின்னவனைச் சூழ்ந்துகொண்டார்கள். தெரிந்தே கெடுத்தது நான்தான் என்று உரக்கச் சொல்லிவிடலாமா என்றுகூடப் பெரியவருக்குத் தோன்றியது. சொன்னால் அதற்கும் அவனைத்தான் புகழ்வார்கள்.