பத்து முதல் ஒன்று வரை

வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்றபின், நீடாமங்கலத்தில் வீட்டிலிருந்தே நிலப் பத்திரங்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். வேலை ஒழுங்காக நடக்க, பத்து முதல் ஒன்று வரை யாரும் என் அறைக் கதவைத் தட்டக் கூடாது என்று எழுதி, கையெழுத்தும் போட்டு ஒட்டினேன். வீட்டில் இருப்பதோ மனைவி ஒருத்திதான்.

சென்ற மாதம் ஒரு நாள் ஒரு மணிக்குக் கதவைத் திறந்தால், வாளித் தண்ணீரில் கையை விட்டபடி அவள் உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணிக்குச் சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிவிட்டதாம். முழங்கை வரை கொப்புளம்.

"கூப்பிட்டிருக்கலாமே?"

"நீங்கதானே தட்டக் கூடாதுன்னு ஆர்டர் போட்டீங்க. மீறினா மெமோ குடுப்பீங்களே."

"ஏன் இவ்வளவு லேட்டு?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

புண் ஆறிவிட்டது. வேலை நேரம் அதேதான்; கதவைச் சாத்துவதில்லை. பதினோரு மணிக்கு எழுந்துபோய்ச் சோற்றை நான் வடிக்கிறேன்.