கிரேனடியில் ஒரு பேஸ்பால்காரர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சிக்னல்மேன் வேலைக்கு அது நல்ல குணம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கிரேன் ஆபரேட்டருக்குக் கீழே நடப்பது ஒன்றும் சரியாகத் தெரியாது. என் கைதான் அவனுக்குக் கண். நான் விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் கொக்கி ஏற வேண்டும், கீழே காட்டிச் சுழற்றினால் இறங்க வேண்டும், இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து ஆட்டினால் அவன் பெண்டாட்டியே போனில் கூப்பிட்டாலும் நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கிற ஆபரேட்டர் எனக்கு ஆகாது. இரும்புக் கட்டு தொங்குவது என் தலைக்கு மேலே அல்லவா?

இரண்டாயிரங்களின் நடுவில் துபாயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன்தான். எங்கள் கேம்ப், அதாவது கம்பெனி கொடுத்த தொழிலாளர் விடுதி, அல் கூஸ் பகுதியில் இருந்தது. கேம்ப்பில் ஒரு கிரிக்கெட் டீம் உண்டு. எங்கள் சைட் கிரேன் ஆபரேட்டர்தான் கேப்டன், திருநெல்வேலிக்காரன், என் ரூம்காரன். நான் விக்கெட் கீப்பர். எங்கள் சைட்டுக்குப் புதிதாக ஒரு சேஃப்டி ஆபீசர் வந்தபோது, கேப்டனுக்குத்தான் முதலில் கண் விரிந்தது. ஆறடிக்கு மேலே உயரம், கன்னங்கரேலென்ற உடம்பு, பனங்கட்டை போலத் தோள். எந்த ஊர் என்று கேட்டதற்கு கரீபியன் என்றார். போதாதா? கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எங்களுக்கு கரீபியன் என்றால் ஒரே அர்த்தம்தான், வெஸ்ட் இண்டீஸ் வேகப் பந்து. லீவு நாளான வெள்ளிக்கிழமை ஒரு மேட்ச் ஆட வர வேண்டும் என்று கேப்டன் குழைந்து குழைந்து கேட்டான். அவரும் சந்தோஷமாகச் சரி என்றுவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமையை மறக்கவே முடியாது. கேம்ப்புக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் எதிர் டீமான பெயின்டர்கள் பயத்தில் முகம் வெளுத்து நின்றார்கள். அவர் பந்தை வாங்கினார். ஓடி வரவே இல்லை. நின்ற இடத்தில் ஒரு காலை மார்பு வரைக்கும் தூக்கி, உடம்பை முறுக்கி, ஒரே வீச்சு. பந்து தரையில் படாமல் நேரே வந்து நடு ஸ்டம்ப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு என் முட்டியில் இடித்தது. பெயின்டர்கள் எல்லோரும் ஒரே குரலில் மாங்காய் எறி என்று கத்தினார்கள். அம்பயரும் கையை நீட்டி நோ பால் கொடுத்தார். பேட்டிங்கில் இன்னும் மோசம். முதல் பந்தை ரோட்டுக்கு அந்தப் பக்கம் அடித்தார், அடித்த கையோடு பேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, கவர் பக்கமாக ஓட ஆரம்பித்தார். போகிறவரைத் திருப்பிக் கொண்டுவர ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அவர் கரீபியன்தான், ஆனால் டொமினிகன் ரிபப்ளிக். அங்கே கிரிக்கெட் கிடையாது, பேஸ்பால். அதில் அவர் பந்து வீசுகிறவர், பிட்சர். சும்மா தெருவில் ஆடியவர் இல்லை, சம்பளத்துக்கு ஆடியவர். அமெரிக்காவில் சின்ன ஊர்களின் டீம்கள், பிறகு மெக்சிகோ, இத்தாலி, கொரியா என்று சுற்றியிருக்கிறார். ஆட்டம் இல்லாத மாதங்களில் கட்டட வேலை பார்த்து, சேஃப்டி படித்து, கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறார். இத்தனை ஊர் சுற்றினீர்களே, ஏன் ஒரு ஊரிலும் நிலைக்கவில்லை என்று நான் கேட்டேன். என் வாய் அப்படி. அவர் சிரித்துக்கொண்டே, தலையை வலமும் இடமும் ஆட்டிக் காட்டினார். இதனால்தான் என்றார்.

அந்த ஆட்டத்தில் என்ன பந்து வீச வேண்டும் என்று பிட்சர் தானாக முடிவு செய்வதில்லையாம். எதிரே குந்தியிருக்கும் கேட்சர், அதாவது நம் விக்கெட் கீப்பர் மாதிரி ஆள், கால்களுக்கு நடுவே விரலைக் காட்டிச் சொல்ல வேண்டும். இஷ்டம் இல்லையென்றால் பிட்சர் தலையை ஆட்டி மறுக்கலாம். எப்போதாவது மறுத்தால் பரவாயில்லை. இவர் எல்லாவற்றுக்கும் மறுத்திருக்கிறார். ஒவ்வொரு நாட்டிலும் கேட்சரோடு சண்டை, கோச்சோடு சண்டை, மூட்டை கட்டு, அடுத்த விமானம். இவ்வளவு திமிரா என்று எனக்கு உள்ளுக்குள் கோபம் ஏறியது.

இது நடந்து கொஞ்ச நாளில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு உதவி கேட்டார். அவரோடு அந்தக் காலத்தில் ஒன்றாக ஆடியவர் இப்போது தைவானில் ஒரு டீமுக்கு கோச். ஐரோப்பா போகிற வழியில் ஒரு வெள்ளிக்கிழமை துபாயில் இறங்குகிறார். இவர் கை இன்னும் உயிரோடு இருக்கிறதா, மண்டை இன்னும் பழைய மண்டைதானா, இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வாராம். அதற்குள் தினம் பந்து பிடிக்க ஓர் ஆள் வேண்டும். வயது நாற்பதை நெருங்குகிறது, இதை விட்டால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றார். சைட்டில் எல்லோரையும் நடுங்க வைக்கிற மனிதர் அதைச் சொல்லும்போது தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்ட முதல் நாளே என் கை பன் மாதிரி வீங்கிவிட்டது. எங்களுடையது டேப் ஒட்டிய டென்னிஸ் பந்து, அவருடையது கல். கராமா கடைவீதியில் வாங்கிய என் கீப்பிங் கிளவ்ஸ் அதற்கு முன்னால் காகிதம். மறுநாள் வீங்கிய கையோடு நான் சிக்னல் கொடுக்க, கிரேன் ஆபரேட்டர் ரேடியோவில், "மாப்ள, நிறுத்தச் சொல்லுதியா, இட்லி வேணும்னு கேக்குதியா?" என்றான். அன்றைக்கு சைட்டைச் சுற்றி வந்த அதே சேஃப்டி ஆபீசர் என் கையைப் பார்த்து, இது எப்படி ஆனது, ஏன் உடனே தெரிவிக்கவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் விறைப்பாக விசாரித்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வரவேண்டுமே! எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் சாயங்காலம் தன் பெட்டியிலிருந்து கேட்சர் போடுகிற தடித்த தோல் கையுறையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதோடு நிறுத்தினாரா? இல்லை. ஹெல்மெட், கிரைண்டிங் வேலைக்குப் போடும் முகக் கண்ணாடி, முட்டிக்கு ஸ்பான்ஞ், சேஃப்டி ஷூ, மேலே பச்சை ஜாக்கெட் எல்லாம் போட்டால்தான் பந்தைத் தொடுவேன் என்றார். சந்திரனில் இறங்கப் போகிறவன் மாதிரி நான் பொட்டலில் குந்தியிருக்க, கேம்ப்பே டீக் கிளாஸோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

விரல் கணக்கெல்லாம் எனக்கு வரவில்லை. அதனால் கிரேன் சிக்னலையே கொடுத்தேன். விரல் மேலே என்றால் வேகப் பந்து. விரல் கீழே என்றால் கடைசியில் தொபுக்கென்று விழும் பந்து. கையை மெல்ல அசைத்தால் ஏமாற்றுகிற மெதுப் பந்து. அவருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனாலும் பழக்கம் விடுமா? நான் கீழே என்பேன், அவர் தலையை ஆட்டுவார். மெதுவாக என்பேன், மறுபடியும் ஆட்டுவார். கடைசியில் அவர் இஷ்டத்துக்கு வேகப் பந்துதான் வரும், என் உள்ளங்கை எரியும். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கையுறையைக் கழற்றிக் கீழே போட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

"சார், சைட்ல நான் சிக்னல் குடுத்து ஆபரேட்டர் தலைய ஆட்டுனா நீங்க அவனை என்ன செய்வீங்க?"

யோசிக்காமல், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார்.

"அப்ப நீங்களும் வீட்டுக்குக் கெளம்புங்க."

நேரே என்னை நோக்கி நடந்து வந்தார். அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு குனிந்து கையுறையை எடுத்து மண்ணைத் தட்டி என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து தலையாட்டல் குறைந்தது. உண்மையைச் சொன்னால், என் சிக்னலில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. கை வலித்தால் மெதுப் பந்து கேட்பேன், வலி குறைந்தால் வேகப் பந்து கேட்பேன், அவ்வளவுதான். அது அவருக்கும் தெரியும். தெரிந்தேதான் என் சொல்லைக் கேட்டார். இடையில் கேப்டனிடமிருந்து 'மாப்ள' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைகளில் என்னை அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்.

கோச் வந்தார். குள்ளமான, வாய் திறக்காத மனிதர். பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டார். சுற்றிலும் வழக்கம்போல கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பொட்டலில் எந்த மேட்ச் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று ஆடுகிறவனுக்கே தெரியாது. அன்றைக்கு வலியைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்து, வேகப் பந்தாகவே கேட்டேன். நான்கைந்து பந்து நன்றாக வந்தது. கோச் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு விரலைக் கீழே காட்டினேன். மனிதர் தலையை ஆட்டிவிட்டார்! கோச் பெருமூச்சு விட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அதே சிக்னலைத் திரும்பக் கொடுத்தேன். இந்த முறை ஆகட்டும் என்று தலையசைத்துவிட்டு வீசினார். நல்ல பந்துதான், ஆனால் கோச் ஏற்கெனவே சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

கடைசியாக ஒரு வேகப் பந்து கேட்டேன். அவர் காலைத் தூக்கினார். உடம்பு முறுகியது. கை பின்னால் போய் முன்னால் வர ஆரம்பித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, பக்கத்து மேட்ச் ஃபீல்டர் ஒருவன் ஆகாயத்தில் போகும் பந்தை அண்ணாந்து பார்த்தபடி, பின்னாலேயே ஓடி, எங்கள் இருவருக்கும் நடுவே வந்துவிட்டான். அந்தக் கல் தலையில் பட்டிருந்தால் அவன் பிழைத்திருக்க மாட்டான். என் கைகள் தானாகவே பக்கவாட்டில் விரிந்து ஆடின. ஸ்டாப்.

அவர் நின்றார். எப்படி நின்றார் என்று கேட்காதீர்கள். வீச வந்த உடம்பு நிற்குமா? ஒற்றைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றி, பொத்தென்று மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் பந்து கையிலேயே இருந்தது. ஃபீல்டர் தன் கேட்ச்சைப் பிடித்துவிட்டு, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குதித்துக்கொண்டு போனான். கடங்காரன்! நம்மவர் எழுந்தார், பின்பக்கம் மண்ணைத் தட்டினார், பந்தைப் பிடித்தபடி அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சைட்டில் அவரே போட்ட சட்டம் அது. ஸ்டாப் கொடுத்தவன் மறுபடி சொல்லும்வரை யாரும் நகரக் கூடாது. நான் இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன், பிறகு விரலை மேலே காட்டினேன். வந்தது பாருங்கள் ஒரு பந்து. அன்றைக்கு வந்ததிலேயே வேகமானது அதுதான்.

கோச் வாளியை உதைத்துத் தள்ளிவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னார்கள். சாயங்காலம் கராமாவில் தோசை சாப்பிடும்போது நம்மவரே எனக்கு விவரம் சொன்னார். இந்த வயதில் வேகம் குறைந்திருக்கும் என்று எண்ணி, கிளம்பி வரும்போதே முடியாது என்று சொல்லத்தான் கோச் நினைத்து வந்தாராம். இருபது வயதிலிருந்து இவனைத் தெரியும், எந்த மனுஷனுக்காகவும் இவன் நின்று நான் பார்த்ததில்லை என்றாராம். ஒரு சீசனுக்கு எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாம்பார் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் என் இலையில் இன்னொரு வடையை வைத்தார்.

அவர் தைவானுக்குக் கிளம்பிய அன்று எனக்கு டியூட்டி. கண்ணாடிப் பலகைகள் ஏறிக்கொண்டிருந்தன. பொருள் தொங்கும்போது சிக்னல்மேன் கண்ணை எடுக்கக் கூடாது. பையோடு அவர் வந்து நிற்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. கூப்பிடவில்லை, கையசைக்கவும் இல்லை. பலகைகள் மேலே இறங்கி, கட்டு அவிழ்ந்து, வெறும் கொக்கி திரும்பி வரும்வரை வெயிலில் அப்படியே காத்திருந்தார். நான் திரும்பியதும் இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே கோத்துக் காட்டினார். கிரேன் பாஷையில் அதற்கு, வேலை முடிந்தது, இனி சிக்னல் இல்லை என்று அர்த்தம்.

நான் தலையை வலமும் இடமும் ஆட்டினேன். எத்தனை நாள் என்னிடம் அப்படிச் செய்திருப்பார்! அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் ஒரு கையை மேலே தட்டையாக வைத்து, அதன் கீழே மறு கையின் விரலை நிறுத்தி, மெல்ல மெல்லச் சுழற்றினேன். மெதுவாக மேலே.

"ஓகே, மாப்ள," என்று தலையசைத்துவிட்டு அவர் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.

உச்சியிலிருந்த ஆபரேட்டருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? சிக்னல் தனக்குத்தான் என்று நினைத்துவிட்டான். அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நான் நிற்க, வெறும் கொக்கி மெதுவாக மேலே ஏறிக்கொண்டே போனது. நான் நிறுத்தச் சொல்லவில்லை.