வயலைக் காத்த குத்துக்கல்

சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் போகிற ரோடு எங்கள் வயலை ஒட்டித்தான் வளையும். ரோடு மேட்டில், வயல் ஆள் உயரப் பள்ளத்தில். வேகமாக வந்தவன் திருப்ப முடியாமல் நேரே எங்கள் நெல்லுக்குள் இறங்கிவிடுவான். எழுபதுகளின் கடைசியில் நான் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போனபோது, போகத்துக்கு ஒரு வண்டியாவது விழும்.

விழுந்தவர்கள் யாரும் சாகவில்லை என்பதுதான் விசேஷம். பருத்தி லாரி விழுந்தது, கல்யாண வேன் விழுந்தது. நடவுக்குக் கலக்கிய சேறு, தொளி, முழங்கால் ஆழத்துக்குக் கிடக்கும். எல்லாரும் சேறு பூசிக்கொண்டு எழுந்து வந்தார்கள். என் வீட்டுக்காரரே ஒருமுறை சைக்கிளோடு விழுந்தார். கிணற்றடியில் நான் தண்ணீர் ஊற்ற ஊற்ற, பல் மட்டும் வெள்ளையாகத் தெரியச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

என் மாமனாருக்குச் சிரிப்பு வராது. யார் விழுந்தாலும் அவர் கண் முதலில் பயிரைத்தான் பார்க்கும். நெற்றியில் ரத்தம் வழிய நின்ற டிரைவரிடம், "என்னவே, ரோடு அத்தாம் பெருசா கெடக்கு, ஒமக்கு எங்க நெல்லுதான் கெடச்சுதா?" என்று கேட்டவர். அறுப்பு முடிந்தும் ஆத்திரம் அடங்காது. சோற்றில் லாரிக் கண்ணாடியின் சில்லு கடிபட்டால் தட்டைத் தள்ளிவிட்டு என்னைத்தான் வைவார். லாரியை ஓட்டியது நான்தான் போல.

பிறகு ரோட்டு ஓவர்சியரைப் பிடித்தார். கோழி அடித்துச் சாப்பாடு போட்டார். வளைவு நெடுக இடுப்பளவுக் குத்துக்கற்கள் வந்தன. சுண்ணாம்பு அடித்து, மேலே கறுப்புப் பட்டை. சனங்களின் உயிருக்குப் பாதுகாப்பு என்று ஓவர்சியர் சொன்னார். மாமனார் என்னிடம் சொன்னது வேறு.

"இனி எவனும் நம்ம வயல்ல எறங்க முடியாதும்மா."

அது மட்டும் உண்மை.

அந்த வருஷம் நடவுக்குத் தொளி கலக்கிப் போட்டிருந்தோம். என் வீட்டுக்காரர் உரம் வாங்க டவுனுக்குப் பைக்கில் போனார். திரும்பும்போது வளைவில் எதிரே பஸ் வந்தது; ஒதுங்கினார்; கல்லில் மோதினார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது உடம்பு கல்லடியில் கிடந்தது. கொஞ்சம் தள்ளிக் கீழே, மெத்தை மாதிரி சேறு. அவர் சட்டையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

கல் லேசாகச் சாய்ந்திருந்தது. கருமாதி முடிவதற்குள் ரோட்டு வேலைக்காரர்கள் வந்து அதை நிமிர்த்தி, ரத்தத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்கள்.

அந்த நடவு நன்றாக விளைந்தது. அறுப்பன்று மாமனார் வரப்பில் நின்று, பழக்கத்தில் வாய்விட்டார்: "இந்தத் தடவதான் ஒரு கதிருகூட சாயல." அறுப்பாட்கள் அரிவாளை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அந்த நெல்லைக் குத்தித்தான் தலைத் திவசத்துக்குச் சோறு பொங்கினேன். மாமனாருக்கு இலை போட்டு நானே பரிமாறினேன்.

"நல்லா சாப்பிடுங்க மாமா. இந்த அரிசியில கண்ணாடிச் சில்லு கெடக்காது."

பிசைந்த கை அப்படியே நின்றது. எனக்கு இரக்கம் வரவில்லை. இன்னொரு அகப்பை சோறு வைத்தேன்.