மீன்கூடைமேல் ஏலக்காய்க் கோணி

எங்கள் குப்பத்தில் ஏலக்காய் வாசனையோடு வீடு திரும்பிய ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் எல்லோரும் மீன் வாசனையோடு வந்தார்கள். அதை வாசனை என்று நாங்கள்தான் சொல்வோம். ஊரில் அதற்கு வேறு பெயர்.

யுத்தம் முடிந்து, அரிசி இன்னும் ரேஷனில் இருந்த காலம். நைனா கட்டுமரத்தில் போவார். அம்மா கரையில் மீன் எடுத்து, வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூடை சுமந்து விற்பாள். நான் ராயபுரத்தில் ஓர் ஏலக்காய்க் கிடங்கில் காய் பொறுக்கினேன். மலையிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். முறத்தில் கொட்டி, பச்சைக் காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று பிரித்து, காம்பைக் கத்தரியால் நறுக்க வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலை, தலைக்குமேல் கூரை. வெயிலில் கூடை சுமந்து கழுத்து நொந்த அம்மாவுக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் உலகத்தில் இல்லை.

கிடங்குக்குள் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது. மீன்காரர் வீட்டுப் பெண்கள் போகவே கூடாது. ஏலக்காய் பக்கத்தில் இருப்பதன் வாசனையை இழுத்துக்கொள்ளுமாம். கப்பலேறிச் சீமைக்குப் போகிற காய் அங்கே போய்க் கருவாடாக நாறினால் முதலாளி என்ன செய்வார், பாவம். பூவையாவது வாசலில் எடுத்துப் போட்டுவிடலாம்.

அதனால் என்னைச் சேர்த்துவிடப் போன அன்று, நைனாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை என்று அம்மா சொல்லிவிட்டாள். அவளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அவள் பங்குக்குச் சட்டம் போட்டாள். வேலைக்குக் கட்டும் புடவை எங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. குப்பத்துக்கு வெளியே, ரயில் பாதை ஓரம் இருந்த அத்தை வீட்டுக் கொடியில் தொங்கும். நான் மீனைத் தொடக் கூடாது, தின்னவும் கூடாது. வீடே நெத்திலிக் குழம்பு சாப்பிடும்போது எனக்கு மட்டும் பருப்புத் தண்ணீர். கடற்கரையில் பிறந்து சைவமானவளுக்கு மோட்சத்தில் தனி இடம் உண்டா என்று தெரியவில்லை. காலையில் சீயக்காய் போட்டு அம்மா தேய்த்த தேய்ப்பில் என் தோல் உடம்போடு இருந்ததே பெரிய விஷயம்.

சாயங்காலம் வந்ததும் என் தலையைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்ப்பாள். "இன்னாமா மணக்குது பாரு, பாயசம் கணக்கா" என்பாள். பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு முகரச் சொல்வாள். எனக்கு மானம் போகும். உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது.

செடியை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. புளியங்காய் மாதிரி மரத்தில் தொங்கும் என்றுதான் நினைத்திருந்தேன். கிடங்குக் கணக்குப்பிள்ளை ஒருநாள், இலை இஞ்சி இலை போல இருக்கும், செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும், ஆனால் காய் மட்டும் தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும் என்றார். அம்மாவிடம் சொன்னேன். "தரையில கெடக்கறதுக்கா இம்மாம் மவுசு" என்றாள்.

தீபாவளிக்குக் கிடங்கில் ஆளுக்கொரு கிழிந்த கோணி கொடுத்தார்கள். எத்தனை முறை துவைத்தாலும் அதில் ஏலக்காய் வாசனை போகாது. அம்மா அதை நனைத்து மீன்கூடைமேல் போட்டுக்கொண்டாள். வீட்டில் வேறு கோணி இல்லாமல் இல்லை. மகளின் உத்தியோகம் தெருவெல்லாம் மணக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதில் வந்தது வினை. மீன் மீனாக நாறினால் வாங்குகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை. ஏலக்காய் மணந்தால் சந்தேகம். செவுளைப் பிரித்துச் சிவப்பைக் காட்டினாலும், "கெட்டுப்போன மீன்ல வாசன போட்டு விக்கிறியா?" என்றார்கள். அம்மா பாதிக் கூடையோடு திரும்பினாள். கோணியை மட்டும் மாற்றவில்லை. ஒருநாள் எந்தத் தெருவிலும் போணியாகாமல், எப்போதும் போகாத ஒரு தெருவுக்குள் நுழைந்தாள். பெரிய மாடிவீடு. அங்கேயும் வீட்டம்மா வஞ்சிரத்தை முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மீனு காலைல புடிச்சதும்மா. வாசன கோணிது. எம் பொண்ணு ராயபுரத்துல ஏலக்கா கெடங்குல வேல செய்து. அவுங்க குட்த்த கோணி."

"எந்தப் பொண்ணு?" என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். கேட்டதே பெருமை என்று என் மூக்குத்தி முதல் நான் கதவோரம் உட்காரும் இடம்வரை அம்மா சொல்லிவிட்டு வந்தாள். மீன் முழுவதும் விற்றுப்போனது. அது முதலாளியின் வீடு.

மறுநாள் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கத்தவில்லை. அவர் கத்துகிற மனிதர் இல்லை.

"மீனு நல்லா இருந்திச்சும்மா. உங்கம்மாவ ஞாயித்துக்கெழமை தோறும் கொண்டாரச் சொல்லு. நீ நாளைலேந்து வராத. சரக்கு கெட்டுப்பூடும்."

அதுவரை கெடாத சரக்கு நாளையிலிருந்து எப்படிக் கெடும் என்று கேட்க நினைத்தேன். கத்தரியை முறத்தில் வைத்துவிட்டு வந்தேன். அத்தை வீட்டில் புடவை மாற்றும்போது அழுகை வந்தது. கோபமும் வந்தது, அதில் பாதி அம்மாமேல்.

வேலை போனதையும் ஞாயிற்றுக்கிழமை வாடிக்கை வந்ததையும் அம்மாவிடம் சேர்த்தே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கரையில் இருந்ததில் நல்ல வஞ்சிரமாகப் பார்த்து எடுத்தாள். அதே கோணியை நனைத்து மேலே போட்டாள். "நீயும் வாடி" என்றாள்.

மாடிவீட்டம்மா தட்டோடு வந்தார். அம்மா கூடையை இறக்கி, கோணியை விலக்கி, செவுளைப் பிரித்துக் காட்டினாள். அந்த அம்மாள் திருப்தியாகத் தலையாட்டிக் கையை நீட்டினார். அம்மா கோணியை இழுத்து மூடினாள்.

"குடுக்க முடியாதும்மா. உங்க வூடு பூரா ஏலக்கா வாசன. எம் மீனு கெட்டுப்பூடும்."

குரலை உயர்த்தவில்லை. கூடையைத் தலைக்கு ஏற்ற நான் ஒரு கை கொடுத்தேன்.

அந்த மீனை வேறெங்கும் விற்க அவள் முயலவில்லை. நேராக வீட்டுக்கு வந்தோம். வஞ்சிரம் எங்களுக்கு விற்கிற மீன், தின்கிற மீன் இல்லை. அன்று அது எங்கள் சட்டியில் ஏறியது. சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா பழக்கதோஷத்தில் என் தலையைப் பிடித்து இழுத்து முகர்ந்தாள். பாயச மணம் போயிருக்கும்; என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.